சிதம்பரம், செர்ன், கடவுள் துகள்: நான் பரிசு வாங்கிய ஒரு பேச்சு

இந்த முறை வரவு செலவுக் கணக்கு, பங்குச் சந்தை எதுவும் இல்லை. பி.காம். படிக்கிறவன் இயற்பியல் எழுதலாமா என்று கேட்காதீர்கள். எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் சித்தி பையன் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. "அண்ணா, எனக்குப் பேச்சுப் போட்டி இருக்கு. நீ முன்னாடி பேசிப் பரிசு வாங்கினியே, அந்தப் பேப்பர் அம்மா பத்திரமா வெச்சிருந்தாங்க. அதையே மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றான். வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். தலைப்பு: "தில்லையில் நவீன அறிவியல்".

அதில் நான் எழுதியிருந்தவை இவை. ஒன்று, கடவுள் துகளைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் வியந்து போய் ஜெனீவாவில் நடராஜர் சிலை வைத்தார்கள். இரண்டு, பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. மூன்று, சிதம்பரம்தான் பூமியின் காந்த நடுக்கோட்டின் மையம்.

அன்றைக்கு அரங்கமே கைதட்டியது. ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். இப்போது படிக்கும்போது முகம் சுட்டது. மூன்றுமே தப்பு! சிதம்பரம் எங்கள் மாவட்டத்து ஊர். பஸ் ஏறினால் போய்விடலாம். நம் ஊரைப் பற்றி நாமே பொய் சொல்லலாமா? ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சிலை.

ஜெனீவா அருகே, சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில் இருக்கிறது செர்ன் என்ற ஐரோப்பிய அணு இயற்பியல் ஆய்வகம். அங்கே 2 மீட்டர் உயர நடராஜர் சிலை நிற்பது உண்மை. 2004 ஜூன் 18 அன்று திறந்து வைத்தார்கள். ஆனால் அதைச் செர்ன் விஞ்ஞானிகள் வாங்கி வைக்கவில்லை. இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. 1960களிலிருந்தே நம் நாட்டு விஞ்ஞானிகள் செர்னோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அந்த உறவின் நினைவாகக் கொடுத்தது. திறப்பு விழாவில் அப்போதைய இந்திய அணுசக்தி ஆணையத் தலைவர் அனில் ககோட்கரும் இருந்தார்.

தேதியைக் கவனியுங்கள். சிலை வந்தது 2004-இல். 'கடவுள் துகள்' கண்டுபிடிப்பை அறிவித்தது 2012 ஜூலை 4-இல். எட்டு வருஷம் கழித்து நடக்கப் போவதை நினைத்து யாராவது முன்கூட்டியே வியந்து போவார்களா? :) எங்கள் பாடத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பதே வவுச்சரில் தேதியைப் பார் என்பதுதான். நான் பார்க்கவில்லை.

சரி, ஏன் நடராஜர்? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொழும்பில் பிறந்த தமிழர் ஆனந்த குமாரசுவாமி, சிவ நடனத்தின் பொருளை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதே தலைப்பில் 1918-இல் அவருடைய கட்டுரைத் தொகுப்பு வந்தது. மேல்நாட்டு வாசகர்கள் நடராஜர் வடிவத்தின் பொருளைப் புரிந்துகொள்ள அது பெரிதும் உதவியது. பிறகு 1975-இல் ஃபிரிட்ஜாஃப் காப்ரா என்ற இயற்பியலாளர் 'தி டாவோ ஆஃப் ஃபிசிக்ஸ்' என்ற நூலில், அணுவுக்குள் துகள்கள் இடைவிடாமல் தோன்றி மறைவதை இந்த நடனத்தோடு ஒப்பிட்டார். அந்த ஒப்புமையை வைத்துத்தான் இந்திய அரசு இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது.

அது ஓர் உவமை. அழகான உவமை. ஆனால் உவமை நிரூபணம் ஆகாது. அவள் முகம் நிலவு மாதிரி என்று கவிஞர் சொன்னால் அங்கே சந்திரயானைக் கொண்டுபோய் இறக்க முடியுமா?

அடுத்து, கடவுள் துகள்.

இந்தப் பெயர்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். உண்மைப் பெயர் ஹிக்ஸ் போசான். நோபல் பரிசு பெற்ற லியோன் லெடர்மேன் 1993-இல் எழுதிய புத்தகத்துக்கு 'தி காட் பார்ட்டிகிள்' என்று தலைப்பு வைத்தார். கண்ணில் சிக்காமல் இழுத்தடிக்கும் துகள் என்பதால் கோபத்தில் ஒரு வசவு வார்த்தையைத்தான் வைக்க நினைத்ததாகவும், பதிப்பகத்தார் விடவில்லை என்றும் அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். இந்தப் பெயர் பீட்டர் ஹிக்ஸுக்கே பிடித்ததில்லை. கடவுள் இருக்கிறார் என்றோ இல்லை என்றோ அந்தத் துகள் எதையும் சொல்லவில்லை.

அதேபோல் 'ஹிக்ஸ் போசானைக் கண்டுபிடித்தவர் நம் போஸ்' என்று ஒரு செய்தியும் சுற்றுகிறது. சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஒளித்துகள்களை எண்ணிக் கணக்கிடும் புது முறையை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அந்தக் கணக்குக்குக் கட்டுப்படும் துகள் குடும்பம் முழுவதற்கும் போசான் என்று பெயர். ஒளித்துகளான ஃபோட்டானும் போசான்தான். ஹிக்ஸ் அந்தக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர். குடும்பத்துக்கே தன் பெயரைக் கொடுத்தவருக்கு, இன்னொருவர் கண்டுபிடிப்பை இரவல் வாங்கித் தந்து பெருமை சேர்க்கத் தேவையே இல்லை.

அந்தத் துகள் என்னதான் செய்கிறது? 1964-இல் ஹிக்ஸும், தனியாக ஆங்லேர் - பிரௌட் இருவரும் சொன்னது இது: வெற்றிடம் என்று நாம் நினைக்கும் இடம் முழுக்க ஒரு புலம் பரவியிருக்கிறது. எலக்ட்ரான், குவார்க் போன்ற அடிப்படைத் துகள்கள் அதோடு உறவாடுவதால் நிறை பெறுகின்றன. அந்தப் புலத்தில் எழும் அதிர்வுதான் ஹிக்ஸ் போசான்.

உடனே 'எல்லாப் பொருளுக்கும் எடை கொடுப்பது ஹிக்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. நம் உடம்பின் நிறை பெரும்பாலும் புரோட்டான், நியூட்ரான்களில் இருக்கிறது. அவற்றின் நிறையில் குவார்க்குகளின் சொந்த நிறை ஏறத்தாழ 1 சதவீதம்தான். மீதி, குவார்க்குகளைக் கட்டி வைத்திருக்கும் விசையின் ஆற்றலும் உள்ளே நடக்கும் ஓட்டத்தின் ஆற்றலும். அதாவது 50 கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஹிக்ஸ் கணக்கில் வருவது அரைக் கிலோ அளவுதான்!

இன்னொரு தப்பான எண்ணம், நான் ரொம்ப நாள் நம்பியது: புரோட்டானை உடைத்தால் உள்ளே ஹிக்ஸ் இருக்கும், தேங்காயை உடைத்தால் பருப்பு இருப்பது போல. கணக்கைப் பாருங்கள். புரோட்டானின் நிறை ஏறத்தாழ 0.94 கிகா எலக்ட்ரான் வோல்ட். ஹிக்ஸின் நிறை ஏறத்தாழ 125. உள்ளே இருக்கும் பொருள் வெளிக்கூட்டைவிட 133 மடங்கு கனமாக எப்படி இருக்கும்?

ஐன்ஸ்டைன் சொன்னபடி நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை. எங்கள் பாணியில் சொன்னால் இரண்டு நாட்டு நாணயம் மாதிரி. ஒளிவேகத்தின் வர்க்கம்தான் மாற்று விகிதம். புரோட்டான்களை ஒளிவேகத்தை ஒட்டி ஓடவிட்டு மோதவிடும்போது, ஓட்டத்தில் இருந்த ஆற்றல் புதிய துகளின் நிறையாக வரவு வைக்கப்படுகிறது. பழைய துகளின் உடைந்த துண்டு அல்ல அது, அந்த இடத்தில் புதிதாகப் பிறந்தது. செலவும் வரவும் கடைசியில் சரியாகப் பொருந்தும். இதற்காகத்தான் 27 கிலோமீட்டர் சுற்றளவில், தரைக்கு அடியில் அத்தனை பெரிய வளையம்.

அந்த வளையத்தின் காந்தங்களைத் துல்லியமாக நிறுத்திப் பிடிக்கும் தாங்கிகள் ஏறத்தாழ 7,000 இந்தியாவிலிருந்து போனவை. 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது. நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியது இதற்குத்தான். ஆனால் இதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை!

தப்பான அறிவியலால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2008 செப்டம்பர் 10 அன்று அந்த வளையத்தை முதன்முதலில் இயக்கினார்கள். கருந்துளை உண்டாகி உலகமே அழியப் போகிறது என்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சில நாள்கணக்கில் பயமுறுத்தின. அதைப் பார்த்துப் பயந்து மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொண்டதாக அப்போது செய்தி வந்தது. என் சித்தி பையனைவிட ஓரிரு வயதுதான் பெரியவள்.

அன்றைக்கு அங்கே மோதலே நடக்கவில்லை என்பதுதான் கொடுமை. புரோட்டான் கற்றையைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். சில நாட்களில் பழுது ஏற்பட்டு நிறுத்திவிட்டார்கள். முதல் மோதல் நடந்தது 2009 நவம்பரில். மோதலின் அளவையும் பாருங்கள்: ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் என்பது பறக்கும் கொசுவின் இயக்க ஆற்றல் அளவு. அதை மிகமிகச் சிறிய இடத்தில் குவிப்பதுதான் விசேஷம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் இதைவிடப் பல மடங்கு ஆற்றலோடு கோடிக்கணக்கான வருஷங்களாகப் பூமியில் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. நாம் இருக்கிறோமே!

இப்போது தீர்க்கரேகை.

இதற்கு விஞ்ஞானி வேண்டாம். செல்போனில் வரைபடம் இருந்தால் போதும். சிதம்பரம், காஞ்சிபுரம், காளஹஸ்தி மூன்றும் ஏறத்தாழ 79 டிகிரி 42 நிமிடத்தை ஒட்டி வருகின்றன. அது உண்மை, ஆச்சரியமும்கூட. ஆனால் திருவண்ணாமலை 79 டிகிரி 4 நிமிடம். அந்தக் கோட்டிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மேற்கே. திருவானைக்காவல் 78 டிகிரி 42 நிமிடம். 100 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே. ஐந்தில் மூன்று என்று சொன்னாலே போதுமானது. ஐந்து என்று சொல்லி மற்ற மூன்றின் மதிப்பையும் கெடுத்துக்கொண்டேன்.

கடைசியாகக் காந்த நடுக்கோடு.

காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. அது பூமியைச் சுற்றி வரும் ஒரு கோடு. கோட்டுக்கு ஏது மையம்? தவிர, இந்தியாவில் அது தென்கோடி வழியாகப் போகிறது. அதற்காகத்தான் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவினார்கள். சிதம்பரம் அங்கிருந்து வடக்கே 300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அந்தக் கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருஷக்கணக்கில் மெல்ல நகர்கிறது.

ஆனால் இதைத் தேடும்போதுதான் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதையொட்டி இந்தியாவில் திருவனந்தபுரத்திலும், எங்கே தெரியுமா, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரிலும் காந்த ஆய்வகம் அமைத்தார்கள்! பகல் நேரத்தில் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. வெயில் ஏற ஏற அது வலுக்கும். தரையில் இருக்கும் காந்த ஊசியில் அதன் தடம் தெரியும். அந்த ஓட்டம் எவ்வளவு அகலம், எங்கே குறைகிறது என்று தெரிய, நடுக்கோட்டிலும் ஒரு நிலையம் வேண்டும், சற்றுத் தள்ளியும் ஒரு நிலையம் வேண்டும். அண்ணாமலைநகர் அந்தத் தள்ளியிருந்த நிலையம். சிதம்பரம் நடுக்கோட்டில் இல்லாததால்தான் அது அறிவியலுக்குப் பயன்பட்டது!

என் பேச்சில் இது ஒரு வரிகூட இல்லை. உண்மையான பெருமை பக்கத்திலேயே இருந்தும், பொய்யான பெருமையைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

இதனால் கோயிலின் மேல் மரியாதை குறைந்துவிட்டதா என்று அப்பா கேட்டார். இல்லை. போன வாரம்கூடச் சிதம்பரம் போய், திரை விலகும்போது எல்லோரோடும் சேர்ந்து நின்று பார்த்தேன். அந்த வெறும் இடத்தைப் பார்த்ததும் ஹிக்ஸ் புலம் நினைவுக்கு வந்தது. 'அப்பவே நம்மாளுங்க...' என்று மனசு ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன். ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும். அதற்கு ஜெனீவாவின் சான்றிதழ் எதற்கு?

சித்தி பையனும் நானும் உட்கார்ந்து பேச்சை மாற்றி எழுதினோம். "அண்ணா, இதுல கைதட்டல் வர்ற இடமே இல்லையே" என்றான். இரண்டாம் பரிசுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் போட்டி முடிந்ததும் அவன் வகுப்புப் பையன்கள் நாலு பேர் செல்போனில் திருவண்ணாமலையின் தீர்க்கரேகையைத் தேடிப் பார்த்தார்களாம்.

அந்த டிபன் பாக்ஸ் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகும் நாளெல்லாம் இது ஞாபகம் வரும். வரட்டும். :)