மூளையதிர்வு

தலையில் பட்ட அடியாலோ உடம்பு வாங்கிய குலுக்கலாலோ மூளை சிறிது காலம் தன் வேலையில் தடுமாறுவது மூளையதிர்வு. ஆங்கிலத்தில் கன்கஷன், பலமாக உலுக்குவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் ‘அதிர்’ என்றால் நடுங்குதலும் உண்டு, முழங்குதலும் உண்டு. அதிர்வேட்டில் கேட்பது பின்னது. ‘மூளை அதிர்ச்சி’ என்றும் எழுதுகிறார்கள். அதிர்ச்சி இன்று மனத்துக்குரிய சொல்லாகிவிட்டதால், பிள்ளை பயந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான் என்று பெற்றோர் எண்ணிவிடக்கூடும். எனவே அதிர்வு என்பதே நல்லது.

பெரும்பாலான பிள்ளைகள் இதில் நினைவிழப்பதில்லை. சி.டி. ஸ்கேனிலும் வழக்கமாக ஒன்றும் தெரியாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கண்கூச்சம், காரணமில்லாத சிடுசிடுப்பு, கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவற்றால்தான் கண்டுகொள்ள வேண்டும். முதல் ஓரிரு நாள் ஓய்வு, செல்போனுக்கும் சேர்த்து. பிறகு மெல்ல நடை, பள்ளி. வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைக்கும் பழைய முறையை மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். விளையாட்டு கடைசியில், மருத்துவர் சொன்ன பிறகு மட்டுமே. பெரும்பாலோர் 4 வாரங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். ஆனால் அடுத்தடுத்து வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஏறிக்கொண்டே போகும் தலைவலி என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.