பொருட்செலவும் உழைப்புச்செலவும்: இங்கிலாந்தின் வீட்டுக்கல்வியில் ஓவியம், இசை, பிரெஞ்சு (1841–1924)

ஆய்வுச்சுருக்கம்

ஓவியம், இசை, அயல்மொழி ஆகிய மூன்றும் வீட்டுக்கல்வியில் மிகுந்த செலவுக்குரியனவாகக் கருதப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இவற்றின் செலவு எவ்வாறு குறைந்தது, குறைந்த செலவு யார்மீது சென்று விழுந்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வீட்டுக்கல்வி, வீட்டாசிரியை, டானிக் சோல்ஃபா, சார்லட் மேசன், கூவான் முறை

முன்னுரை

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் வழக்கம் குறித்த இன்றைய விவாதங்களில், கணக்கும் மொழிப்பாடமும் பெற்றோரால் இயலும், கலைப்பாடங்களுக்கு எங்கே போவது என்ற வினா தவறாமல் எழுகிறது. இவ்வினா புதியதன்று. விக்டோரியா கால இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்கள் இதே வினாவை எதிர்கொண்டு, ஒருவகையான விடையையும் கண்டன. அவ்விடை பெரும்பாலும் பெற்றோரின் சிக்கனத்திற்குச் சான்றாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அச்சுத்தொழிலும் இசைக்குறிமுறையும் கற்பித்தல் முறையும் நிபுணரின் இடத்தைப் பிடித்த வரலாறாகவே அதனைக் காணவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வீட்டாசிரியையின் சம்பளம்

1841ஆம் ஆண்டில் சார்லட் பிராண்டி, பிராட்ஃபோர்டை அடுத்த ராடன் என்னும் ஊரில் ஒரு வணிகக் குடும்பத்தில் வீட்டாசிரியையாக அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. துணி வெளுப்புக்கென ஏறத்தாழ 4 பவுண்டு கழிக்கப்பட, கையில் நின்றது 16 பவுண்டே. அக்காலத்துப் புதிய பியானோ ஒன்றின் விலை இச்சம்பளத்தை விஞ்சியது. இசைக்கருவி அதனை மீட்டக் கற்பிப்பவரைவிட விலைமதிப்புடையதாக இருந்தது என்பது நகைப்புக்குரியதன்று. அக்காலப் பெண்கல்வியின் கட்டமைப்பையே அது காட்டுகிறது. பிரெஞ்சு, இசை, ஓவியம் ஆகியவை திருமணச் சந்தைக்குரிய அணிகலன்களாகக் கருதப்பட்டன. அணிகலன் என்றபின் அது அருமையாக இருப்பதே அதன் மதிப்பு.

மொழியின் விலை வேறுவகையில் அமைந்தது. சொந்தமாகப் பள்ளி தொடங்க விரும்பிய பிராண்டி சகோதரியர், தம் பிரெஞ்சு போதாது எனக் கண்டு 1842இல் பிரசெல்சு நகருக்குச் சென்று பயின்றனர். அதற்குரிய பணத்தைத் தந்தவர் அவர்களுடைய பெரியன்னை. திரும்பிவந்து பள்ளிக்கு அறிவிப்பு வெளியிட்டபோது ஒரு மாணவியும் வந்து சேரவில்லை. ஓர் ஆசிரியையை உருவாக்க எவ்வளவு முதலீடு தேவைப்பட்டது, அம்முதலீடு எவ்வளவு எளிதில் வீணாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழுத்தால் எழுதிய இசை

அதே 1841ஆம் ஆண்டில் ஹல் நகரில் கூடிய ஞாயிறுபள்ளி ஆசிரியர் மாநாடு, பாடக் கற்பிப்பதற்கான மிக எளிய வழியைக் கண்டறியுமாறு ஜான் கர்வன் என்னும் இளம் போதகரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. கர்வன் தேர்ந்த இசைக்கலைஞர் அல்லர். நாரிச் நகரில் சாரா கிளவர் என்ற ஆசிரியை ஏழைச் சிறுவர்க்காக முன்னரே வகுத்திருந்த முறையை எடுத்துக்கொண்டு திருத்தி, டானிக் சோல்ஃபா என்ற பெயரில் அவர் பரப்பினார். முறையின் புகழ் கர்வனுக்கே சென்றது. கிளவரின் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இவ்வரலாற்றில் பெண்களின் உழைப்பு மறைவது இது ஒரு முறை மட்டுமன்று.

சோல்ஃபாவின் சிறப்பு இருவகைப்படும். முதலாவது, டோ என்னும் ஆதார ஒலி எந்தச் சுருதியிலும் நிற்கலாம். ஏனைய ஒலிகள் அதனோடுள்ள உறவால் அறியப்படும். சட்ஜத்தை அவரவர் குரலுக்கேற்ப வைத்துக்கொள்ளும் நம் இசைமரபில் பழகியவர்க்கு இதில் வியப்பில்லை. ஐந்துகோட்டுக் குறிமுறையில் பயின்ற ஐரோப்பியர்க்கோ இது பெரும் விடுதலையாயிற்று. இரண்டாவது, பொருளியல் நோக்கில் முதன்மையானது: ஐந்துகோட்டுக் குறிகளை அச்சிடத் தனிவகை எழுத்துருவோ செதுக்குத் தகடோ வேண்டும். சோல்ஃபாவுக்கு வேண்டியவை எல்லா அச்சகங்களிலும் இருந்த சாதாரண எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமே. ஆகவே பாட்டுப்புத்தகம் மலிந்தது. பியானோ இல்லாத வீட்டிலும் குரலே கருவியாயிற்று. மறைப்பணியாளர் வழியே இம்முறை ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் சென்றது. தமிழ்நாட்டுத் திருச்சபைப் பாடகர் குழுக்களிடையே சோல்ஃபா ஏடுகள் இன்றும் வழங்கிவருவது இந்த மலிவின் தொடர்ச்சியே.

ஆறு படங்கள்

இத்தகைய மலிவுப் பொருள்களை வீட்டுக்கல்விக்குரிய ஒரு முறையாகக் கோத்தவர் சார்லட் மேசன் (1842–1923). பிராட்ஃபோர்டில் அவர் ஆற்றிய உரைகள் 1886இல் வீட்டுக்கல்வி பற்றிய நூலாக வெளிவந்தன. அடுத்த ஆண்டு பெற்றோர் சங்கம் தோன்றியது. 1891முதல் அஞ்சல்வழிப் பள்ளியும், 1892இல் ஆம்பிள்சைடில் வீட்டாசிரியையர்க்கான பயிற்சி நிலையமும் செயற்பட்டன. பருவந்தோறும் பாடத்திட்டம் அஞ்சலில் வரும். பருவ இறுதியில் வினாத்தாளும் வரும். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், வேறு வகையில் தக்க கல்வி பெறும் பிள்ளை பள்ளிக்கு வாராதிருப்பதை ஏற்றுக்கொண்டிருந்தமையால் இதற்குச் சட்டத்தடையும் இல்லை.

மேசனின் ஓவியப் பாடம் எளிமையானது. ஒரு பருவத்திற்கு ஓர் ஓவியர். அவருடைய ஏறத்தாழ ஆறு படங்களின் அச்சுப்படிகள். பிள்ளை படத்தை அமைதியாக நெடுநேரம் நோக்கும். பின் படம் மறைக்கப்படும். கண்டதைப் பிள்ளை தன் சொற்களில் கூறவேண்டும். ஆசிரியர் விளக்கவுரை ஆற்றக்கூடாது. கலைவரலாறு அறிந்த ஆசிரியர் இங்குத் தேவையில்லை என்பதைவிட, அவர் வாய்மூடியிருத்தல் நலம் என்பதே இதன் உட்கருத்து. வறுமையைக் கொள்கையாக மாற்றிய துணிவு எனவும் இதனைச் சொல்லலாம்.

ஆயினும் அச்சுப்படி மலியாதிருந்தால் இக்கொள்கை செயலுக்கு வந்திராது. நிழற்படத்தைப் புள்ளிகளாக்கி எழுத்தோடு சேர்த்து அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக்குகள் நூற்றாண்டின் இறுதியில் பரவின. அமெரிக்காவில் மால்டன் நகரின் பெரி நிறுவனம் ஒரு படத்தை ஒரு சென்ட் விலைக்கு விற்றது. இங்கிலாந்தில் 1908இல் தொடங்கிய மெடிச்சி சங்கம் வண்ணப்படிகளை வெளியிட்டது. அதுவரை பிள்ளைகள் கண்டவை பெரும்பாலும் ஒற்றை நிறப் படிகளே. வண்ணத்தையே உயிராகக் கொண்ட ஓவியங்களைக் கறுப்பு வெள்ளையில் பயின்ற தலைமுறை எதனைக் கற்றது? அமைப்பையும் கதையையும் கற்றது; வண்ணத்தைக் கற்றிருக்க இயலாது. மலிவு பாடத்தின் உள்ளடக்கத்தையும் மாற்றிவிடும் என்பதை மேசனைப் போற்றுவோர் பெரும்பாலும் கருதுவதில்லை.

வாய்மொழியின் இடர்ப்பாடு

பிரான்சுவா கூவான் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் ஜெர்மன் மொழி கற்க ஹாம்பர்க் சென்று, இலக்கணத்தையும் வேர்ச்சொற்களையும் அகராதியையும் மனப்பாடம் செய்தும் பேச்சு விளங்காமல் தோற்றார். ஊர் திரும்பியபோது மூன்று வயதான தம் சகோதரி மகன், மாவாலையைக் கண்டுவந்து அங்கு நிகழ்ந்தவற்றை வரிசையாகச் சொல்லிச் சொல்லி விளையாடுவதைக் கண்டார். நிகழ்ச்சி வரிசையே மொழி கற்கும் வழி என்ற அவருடைய கொள்கை இதிலிருந்து பிறந்தது. 1880இல் வெளியான அவரது நூல் 1892இல் ஆங்கிலத்தில் வந்தது. கதவருகே செல்கிறேன், கைப்பிடியைப் பற்றுகிறேன், கதவைத் திறக்கிறேன் என்றாற்போலச் செய்துகாட்டியவாறே சொல்லும் தொடர்கள் இம்முறையின் அடிப்படை. செவிவழிக் கற்றலை வலியுறுத்திய மேசன் இம்முறையை விரும்பி ஏற்றார்.

பாடநூலோ கருவியோ வேண்டாத இம்முறை மூன்றனுள்ளும் மிக மலிவானதாகத் தோன்றுகிறது. உண்மையில் இதுவே மிகுந்த செலவுடையது. சோல்ஃபாவில் குறிமுறை ஆசிரியருக்குத் துணைநிற்கிறது. ஓவியத்தில் படமே ஆசிரியர். கூவான் முறையிலோ வாயைத் திறந்து பிழையின்றிப் பிரெஞ்சு பேசும் ஒருவர் அறையில் இருந்தாகவேண்டும். பிரெஞ்சறியாத தாய் அச்சொற்களின் ஒலியை எந்தத் தாளிலிருந்தும் பெற இயலாது. ஒலித்தட்டு மூலம் மொழி கற்பிக்கும் லிங்குவாஃபோன் 1901இல் தொடங்கியது. எனினும் அதற்கு ஒலிப்பெட்டி வாங்கவேண்டும். ஆம்பிள்சைடு நிலையம் ஈராண்டுகள் பயிற்சியளித்து அனுப்பிய பெண்கள்தாம் இவ்விடைவெளியை நிரப்பினர். நிபுணர் பலருக்குத் தந்த ஊதியம், எல்லாப் பாடங்களையும் ஒருவரே கற்பிக்கும் பெண்ணின் நேரமாக மாறியது. தாயே கற்பித்த வீடுகளில் அந்நேரம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

1914இல் யார்க்ஷயரின் டிரிக்லிங்டன் என்னும் சுரங்கத்தொழிலாளர் ஊர்ப் பள்ளி மேசனின் பாடத்திட்டத்தை ஏற்றது. பின்னர்க் கிளாஸ்டர்ஷயரின் கல்வி அலுவலர் ஹவுஸ்ஹோல்டின் ஆதரவால் மேலும் பல பொதுப்பள்ளிகள் இதனைப் பின்பற்றின. நிலக்கரி வெட்டுவோரின் பிள்ளைகள் செல்வர்வீட்டுப் பிள்ளைகள் கண்ட அதே ஓவியங்களைக் கண்டு, கண்டதைத் தம் சொற்களில் கூறினர். பாட்டு ஏற்கெனவே சோல்ஃபா வழியே அவ்வூர்களின் தேவாலயங்களில் வேரூன்றியிருந்தது. பெர்சி ஸ்கோல்ஸ் இசை கேட்போர்க்கான வழிகாட்டி நூலை 1919இல் வெளியிட்டார், 1924இல் பி.பி.சி. பள்ளி ஒலிபரப்பைத் தொடங்கியபோது இசைக்குழுவும் வகுப்பறைக்குள் வந்தது. அயல்மொழியோ பொதுத் தொடக்கப்பள்ளிகளில் அரிதாகவே இடம்பெற்றது. கட்டணம் செலுத்தியோ உதவித்தொகை வென்றோ இடைநிலைப் பள்ளியை எட்டியோர்க்கே அது கிட்டியது. அச்சகம் ஆசிரியரின் இடத்தை நிரப்பிய இரு கலைகளும் சுரங்க ஊர்வரை சென்றன. பேசும் மனிதரை வேண்டிய பிரெஞ்சு, வீட்டாசிரியை வைத்துக்கொள்ளும் குடும்பங்களோடு நின்றுவிட்டது.