விரலுக்கு முன் சுருதி

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. நாம் சென்றிருந்த வீட்டின் திண்ணையில், பங்கின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் பழைய ராக் பாடல் ஒன்றின் முகப்பு இசையைப் பயின்றுகொண்டிருந்தார். கைப்பேசியில் கேட்பதும், வாசிப்பதும், மீண்டும் கேட்பதுமாக நேரம் சென்றது. “சுரமெல்லாம் சரியாத்தான் இருக்கு ஐயா. ஆனா அந்தச் சத்தம் மட்டும் வரமாட்டேங்குது” என்றார். வீட்டுப் பெரியவரோ, “கோவில் பாட்டே இன்னும் ஒழுங்கா வரல. இதுல இந்தக் கூச்சல் வேற” என்று அங்கலாய்த்தார். நாமும் நம் பங்குக்கு, “இன்னும் பயிற்சி வேண்டும் தம்பி” என்று ஓர் அறிவுரையை உதிர்த்துவிட்டுத் திரும்பினோம்.

பின்னர் அந்த இசையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், குறை அவருடைய பயிற்சியில் இல்லை, நம் அறிவுரையில்தான் இருந்தது என்பது விளங்கிற்று.

ராக் இசையில் ‘ரிஃப்’ என்பது பாடல் முழுவதையும் தாங்கி நிற்கும் சிறு இசைத்தொடர். நம் கீர்த்தனைக்குப் பல்லவி எப்படியோ, அப்படி அது திரும்பத் திரும்ப வரும். கேட்பதற்கு எளியது. ஆனால் அது பிறந்த சுருதியை அறியாமல் அதை வாசித்துவிட இயலாது.

கிட்டாரின் ஆறு தந்திகளையும் பொதுவாக இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சேர்ப்பார்கள். அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம் வரையுள்ள தொலைவு இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அது அந்தர காந்தாரத் தொலைவாகக் குறையும். இடக்கை அதிகம் அலையாமல் சுர வரிசைகளையும் பல்சுர அடுக்குகளையும் வாசிக்க ஏற்ற சமரச ஏற்பாடு இது. இந்தச் சுருதியிலேயே பிறந்த ரிஃப்கள் பல. 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் சூதாட்ட அரங்கு ஒன்று தீப்பற்றி எரிந்ததைக் கண்ட டீப் பர்ப்பிள் குழுவினர் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாடலை ஆக்கினர். அதன் ரிஃப் நான்கே சுரங்களால் ஆனது. ஆனால் ஒவ்வொரு சுரமும் தனியே ஒலிப்பதில்லை. அருகருகே உள்ள இரு தந்திகளை ஒரே மெட்டில் அழுத்தி, விரலால் சேர்த்து மீட்டுவதால் மத்யமத் தொலைவில் இரட்டையாக ஒலிக்கிறது. ஒற்றைத் தந்தியில் வாசித்தால் மெட்டு வரும், கனம் வராது.

ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களோ வேறு வகை. அக்குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1960களின் இறுதியில் ‘திறந்த ஜி’ என்னும் சுருதிக்கு மாறினார். இதில் மூன்று தந்திகளை முழுச்சுரம் ஒன்று தளர்த்தி டி, ஜி, டி, ஜி, பி, டி எனச் சேர்ப்பார்கள். ஜி-யை ஷட்ஜமாகக் கொண்டால் ப, ச, ப, ச, க, ப என்றாகும். வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகள் ச, ப, ச, ப என்று நிற்பதை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. காந்தாரம் ஒன்றே கூடுதல். ரிச்சர்ட்ஸ் இதில் ஆறாம் தந்தியையும் கழற்றிவிட்டு, ச, ப, ச, க, ப என்னும் ஐந்து தந்திகளோடு நின்றார். எந்த விரலையும் வைக்காமல் மீட்டினாலே இனிய அடுக்கு ஒலிக்கும். ஒரு விரலைக் குறுக்கே கிடத்தினால் அதுவே மேலே நகரும். மேலும் இரு விரல்களை வைத்தெடுத்தால் காந்தாரம் மத்யமமாகவும் பஞ்சமம் தைவதமாகவும் எழுந்து மீண்டும் தணியும். ‘பிரவுன் சுகர்’ (1971), ‘ஸ்டார்ட் மீ அப்’ (1981) ஆகியவற்றின் உயிர் இந்த எழுச்சியிலும் தணிவிலும்தான் உள்ளது. வழக்கமான சுருதியில் அதே சுரங்களைத் தேடிப் பிடித்தாலும், ஷட்ஜமும் பஞ்சமமும் அடியில் தொடர்ந்து முழங்கும் அந்த ஒலி எளிதில் வாராது. ஏனாத்தூர் இளைஞருக்கு நேர்ந்தது இதுவே.

இச்சுருதி ரிச்சர்ட்ஸின் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரிடமிருந்தே அதைக் கற்றதாக அவரே 2010இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார். கூடருக்கோ அது கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் தம் நாட்டு நினைவில் உருவாக்கிய பாஞ்சோவின் ஐந்து தந்திகளுக்கும் இதே சுருதி வழக்கத்தில் உண்டு. 1860இல் ஹென்றி வொரல் என்பவர் பதிப்பித்த ‘ஸ்பானிஷ் ஃபேன்டாங்கோ’ என்னும் வீட்டுக்கூட இசைத்துண்டும் இச்சுருதியில் அமைந்ததே. அதனால் மிசிசிப்பிப் பருத்திக் காடுகளின் உழைப்பாளிகள் இதனை ‘ஸ்பானிஷ்’ என்றே அழைத்தனர். 1941இல் அங்கே ஒரு பண்ணைக் குடிசையில் மடி வாட்டர்ஸ் என்னும் கூலித் தொழிலாளியின் இசையை ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். அவர் 1950இல் வெளியிட்ட பாடலின் பெயரைத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தமக்குச் சூட்டிக்கொண்டனர். உலக அரங்குகளை அதிரவைத்த இசையின் வேரில், பெயர்கூட எஞ்சாத ஏழைகளின் விரல்கள் இருக்கின்றன. அதைக் ‘கூச்சல்’ என்று தள்ளுமுன் ஒரு கணம் தயங்கத்தானே வேண்டும்?

தந்திமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையை 1880களின் பிற்பகுதியில் ஹவாயித் தீவில் ஜோசப் கெகுகு வளர்த்தார். சுற்றுப்பயணம் வந்த ஹவாயிக் கலைஞர்கள் வழியே அது இந்தியாவுக்கு வந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். விஸ்வ மோகன் பட் கிட்டாரை மாற்றியமைத்து ‘மோகன வீணை’யை உருவாக்கினார். 1992 செப்டம்பரில் அவரும், ரிச்சர்ட்ஸுக்குச் சுருதி தந்த அதே ரை கூடரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். அவர்களை இணைத்து அதனைப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். பதிவு நடந்த இடம் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவிலுள்ள புனித அந்தோனியார் குருமடத்தின் கிறிஸ்து அரசர் சிற்றாலயம்! சந்தித்துச் சற்று நேரமே ஆன இருவரும் ஒருவர் சுருதியை மற்றவர் செவிமடுத்து வாசித்த அந்த இசை, 1994இல் கிராமி விருது பெற்றது.

சுருதி மாறினால் பாடலே மாறும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. யாழில் வீணையைப் போல் மெட்டுகள் இல்லை; ஒவ்வொரு நரம்பும் தன் ஒலியை மட்டுமே தரும். எனவே பாலைகளுக்கேற்ப நரம்புகளைச் சேர்த்தே பண் பிறந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும் அந்த முறையைத்தான் விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ வழியே விளக்க முயன்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் குழலார்கனுக்குச் சிறப்பிடம் அளித்ததோடு, ஆலயத்தின் மாண்புக்கு இயைந்து இறைமக்களின் பக்தியை வளர்க்கும் பிற கருவிகளுக்கும் வழி திறந்தது. அந்த வழியாகத்தான் கிட்டார் நம் பீடத்தருகே வந்து நிற்கிறது.

சில மாதங்களுக்குப் பின் மீண்டும் ஏனாத்தூர் சென்றோம். முதலில் அந்த இளைஞரிடம் நம் தவற்றைச் சொன்னோம். பிறகு மூன்று தந்திகளைத் தளர்த்தச் சொன்னோம். அவர் முறுக்காணிகளைத் திருப்பி, காதைச் சாய்த்துப் பொறுமையாகச் சேர்த்தார். வெறுந்தந்திகளை ஒருமுறை மீட்டியதுமே முகம் மலர்ந்தது. “இதுதான் ஐயா!” என்றார். உள்ளே செல்ல எழுந்த பெரியவர் வாசற்படியிலேயே சற்று நின்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளேயும் போகவில்லை.

இளையோரின் இசை நம் காதில் பிசகாக ஒலிக்கும்போது, அவர்கள் விரலைக் கண்டிக்க நாம் விரைகிறோம். அவர்கள் எந்தச் சுருதியில் நிற்கிறார்கள் என்று கேட்கத் தவறுகிறோம். முதலில் செவிமடுப்போம், அறிவுரை பிறகு வரட்டும்.