தன் பணிப்பதிவேட்டைத் தானே எழுதும் டிஸ்க்

எங்கள் வீட்டு சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் ஓடுகின்றன. ஒன்றின் லேபிளில் ‘தாய்லாந்து தயாரிப்பு’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் உற்பத்தியில் அந்த நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 2011 அக்டோபரில் அயுத்தயா மாகாணத்து பாங் பா-இன் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தபோது, உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. அந்த நாட்டு ஆலை ஒன்றிலிருந்து கப்பலேறி, சென்னை ரிச்சி தெரு கடை வழியாக வீடு வந்து சேர்ந்த 4 டெராபைட் டிஸ்க் இது.

4 டெராபைட் என்றால், 4,096 பைட் கொண்ட செக்டர்கள் ஏறத்தாழ 98 கோடி. அத்தனையும் குறையில்லாமல் எந்த ஆலையிலிருந்தும் வெளிவருவதில்லை. பிறவியிலேயே பழுதான இடங்களை ஆலையிலேயே கண்டுபிடித்து, ஒரு பட்டியலில் போட்டு, அவற்றைத் தாண்டிப் போகும்படி டிஸ்க்குக்குச் சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். பின்னால் கெடப்போகும் இடங்களுக்காகக் கொஞ்சம் உதிரி செக்டர்களும் ஒதுக்கப்படுகின்றன. வாங்குகிறவர் கண்ணில் இந்தப் பட்டியல் படுவதே இல்லை.

வழியில் யார் எப்படித் தூக்கிப் போட்டார்களோ! அதனால் விவரம் தெரிந்தவர்கள் புது டிஸ்க்கில் உடனே எதையும் ஏற்றுவதில்லை. முதலில் பேட்பிளாக்ஸ் என்ற லினக்ஸ் நிரலை அதன் மேல் ஏவுகிறார்கள். 10101010 என்று டிஸ்க் முழுக்க எழுதும், திரும்பப் படித்துப் பார்க்கும். அடுத்து 01010101, பிறகு எல்லாம் 1, கடைசியில் எல்லாம் 0. நான்கு முறை எழுத்து, நான்கு முறை வாசிப்பு. 4 டெராபைட்டுக்கு இரண்டு, மூன்று நாள் பிடிக்கும். இருப்பதை எல்லாம் அழித்துவிடும் சோதனை இது. காலி டிஸ்க்கில்தான் செய்யலாம். இதில் தேறாததைக் கடையில் மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கும்.

தேறிய டிஸ்க் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அதன் உடல்நிலையை அறிய ஒரு வழி உண்டு. கெடப்போகும் டிஸ்க் முன்கூட்டியே சொல்லட்டும் என்ற யோசனையை 1992-ல் ஐபிஎம் தன் சர்வர்களுக்கான டிஸ்க்குகளில் கொண்டுவந்தது. 1995-ல் காம்பாக் அதுபோன்ற ஏற்பாட்டைச் செய்து, மற்ற நிறுவனங்களும் பின்பற்ற முன்வைத்தது. அதிலிருந்து வந்ததுதான், டிஸ்க் தன்னைத் தானே கண்காணித்துக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் முறை. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்தும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பு புரூஸ் ஆலன் 2002-ல் தொடங்கியது. அவர் ஈர்ப்பலைகளைத் தேடும் இயற்பியலாளர். ஆராய்ச்சித் தரவுகளை அலச ஏராளமான கணினிகளை ஓட்டியவருக்கு, எந்த டிஸ்க் எப்போது மண்டையைப் போடும் என்ற கவலை இருக்கத்தானே செய்யும்.

கட்டளையைத் தட்டினால், ஒவ்வொன்றும் தனி அடையாள எண் கொண்ட வரிகள் வரும். 9-ஆம் வரி, டிஸ்க் ஓடிய மொத்த மணிநேரம். 5-ஆம் வரி, கெட்டுப்போய் உதிரிக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் தவித்து ‘பார்க்கலாம்’ என்று நிறுத்தி வைக்கப்பட்டவை. இந்த இரண்டிலும் 0 இருந்தால் நிம்மதி. 199 தனி ரகம். அந்த எண் ஏறினால் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு குலைகிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலே ஏறுவது மட்டும் நிற்கும். இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

ஆனால் இது தன் பணிப்பதிவேட்டைத் தானே எழுதிக்கொள்ளும் ஊழியரின் கதை. எழுதியிருப்பதில் பொய் இருக்காது. எழுதாமல் விட்டது எவ்வளவு என்பதுதான் கேள்வி. கூகுள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இதற்கு இரண்டு பதில்களைத் தருகிறது. பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு பிழையே இல்லாததைவிட 39 மடங்கு. எனவே எச்சரிக்கை வந்தால் அலட்சியம் கூடாது. அதே கட்டுரையில், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்ச் சேர்ந்தன. எச்சரிக்கை வரவில்லை என்பதால் எதுவும் உறுதியாகிவிடாது.

டிஸ்க் நலமாக இருப்பது வேறு, அதிலுள்ள ஃபைல் நலமாக இருப்பது வேறு. எழுதச் சொன்னதை வேறிடத்தில் எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லும் டிஸ்க்கும் உண்டு. பிறகு அது படித்துத் தரும் தரவு தப்பானது. பதிவேட்டிலோ ஒரு கீறல்கூட இருக்காது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வு நெட்ஆப் சேமிப்பகங்களில் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்து, எழுதியதும் படித்ததும் ஒத்துப்போகாத நிகழ்வுகளை 4 லட்சத்துக்கும் மேல் எண்ணியது. ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவைக்கும் சாதாரண ரெய்டு மிரர் இங்கே கைவிரித்துவிடும். இரண்டு பிரதிகள் இரண்டு விதமாக இருந்தால் எது சரி என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் செக்சம். ஃபைலின் ஒவ்வொரு பிளாக்கையும் கணக்கில் போட்டு ஒரு சிறு எண்ணாக்கி வைத்துக்கொண்டால், பின்னர் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடலாம். சன் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மேத்யூ அஹ்ரென்ஸ் ஆகியோர் 2001-ல் தொடங்கிய இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், அந்த எண்ணை பிளாக்கோடு சேர்த்து வைக்காமல், அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைத்தது. மேல் பிளாக்கின் செக்சம் அதற்கும் மேலே. இப்படி உச்சி வரை போகும். தப்பான இடத்திலிருந்து வரும் பிளாக், தன்னளவில் ஒழுங்காகவே இருந்தாலும் இங்கே பிடிபடும்.

எங்கள் சர்வரின் இரண்டு டிஸ்க்குகளும் இசட்எஃப்எஸ் மிரராக ஓடுபவை. அந்த 4 டெராபைட் டிஸ்க்கின் மத்திம வயதில் ஸ்மார்ட் பதிவேடும் செக்சமும் ஒரே நாளில் கைகோத்தன. மாதாந்திர ஸ்க்ரப் ஓடியது. யாரும் திறக்காத பழைய கல்யாண ஆல்பங்கள் உட்பட எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் வேலை அது. 197-ஆம் வரியில் 8 என்று வந்தது. இசட்எஃப்எஸ் இன்னொரு டிஸ்க்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்து, செக்சம் பார்த்து, படிக்க முடியாத இடத்தின் மேல் எழுதியது. எழுத்து விழுந்ததும் டிஸ்க் அந்த இடங்களைக் கைவிட்டு உதிரிக்கு மாறியது. 197 மீண்டும் 0 ஆனது, 5-ஆம் வரி 8 ஆனது. ஒரு படமும் போகவில்லை. ஸ்க்ரப் ஓடாதிருந்தால், மற்ற டிஸ்க் செத்த பிறகுதான் இது வெளியே வந்திருக்கும். அப்போது எடுத்துக் கொடுக்க நல்ல பிரதி ஏது?

அந்த 8 அப்படியே நின்றிருந்தால் இன்னும் சில காலம் ஓட்டியிருக்கலாம். அடுத்தடுத்த ஸ்க்ரப்பில் ஏறிக்கொண்டே போனதால் மாற்று டிஸ்க் வந்துவிட்டது. பழையதைக் கழற்றாமலே புதியதை இணைத்தால், இரண்டு பிரதிகளிலிருந்தும் சரிபார்த்தபடியே தரவு இடம்பெயரும். ஆனால் வீட்டுக்கு வெளியே இன்னொரு பேக்கப் இல்லையென்றால் இத்தனையும் அரைக்கிணறு தாண்டிய கதைதான். தவறுதலாக அழித்த ஃபைலை மிரரும் உடனே அழித்துவிடும்; திருட்டுக்கும் தீக்கும் செக்சம் பதில் சொல்லாது.

ஓய்வுபெற்ற டிஸ்க்கைப் பழைய சாமான் கடைக்குப் போடும் முன் இன்னும் ஒரு வேலை பாக்கி. முழுக்க 0 எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. உதிரிக்கு மாற்றப்பட்ட அந்தப் பழைய செக்டர்களை டிஸ்க் நம் கையிலிருந்து மறைத்துவிட்டது. நாம் எழுதும் 0 அங்கே போகாது, அரைகுறையாக எஞ்சிய தரவு அங்கேயே கிடக்கலாம். டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் செக்யூர் எரேஸ் கட்டளையின் மேம்பட்ட (என்ஹான்ஸ்டு) வகை அதையும் தொட வேண்டும் என்பது ஏற்பாடு. தொட்டதா என்பதற்கு மறுபடியும் டிஸ்க்கின் வாய்மொழிதான் சாட்சி. குடும்பத்தின் வங்கிக் காகிதங்கள் இருந்த டிஸ்க் என்றால், தகடுகளில் துளை போட்டு மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுப்பதே மேல்.