கொட்டானுக்குள் ஒரு நோட்டு

அம்மாயிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பரணிலிருந்த பனையோலைக் கொட்டான்களை இறக்கினோம். எல்லாம் அவள் முடைந்தவை. மூடி போட்ட ஒன்றுக்குள் நாற்பது பக்க நோட்டு இருந்தது. அட்டையில் அவள் பெயர், ஓர் எழுத்து குறைவாக.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவியல் இயக்கத் தோழர்கள், சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான தொண்டர்கள் என்று பலரும் சேர்ந்து செய்த வேலை அது. அந்த இயக்கம் பெண்களைச் சைக்கிளும் பழகச் சொன்னது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த லட்சத்தில் ஒருத்தி என் அம்மாயி. அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

இயக்கத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதைப் பற்றிய எழுத்துகளில் பெண்கள் இருட்டிலிருந்து புறப்பட்டு வருகிறார்கள். 'அறிவொளி' என்ற பெயரிலேயே அந்த இருட்டு இருக்கிறது. அம்மாயி நடவு வயலில் முதல் குரல் கொடுப்பவள். இரவு முழுக்கப் பாடினாலும் பாட்டு தீராது. அளவுகோல் இல்லாமல் ஓலையைக் கிழித்து, சாயம் தோய்த்து, கட்டம் பிசகாமல் முடைவாள். அந்தக் கணக்கை எந்தப் பள்ளியும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அதற்காக எழுத்து தெரியாததை நான் அழகாக்க மாட்டேன். வட்டிக்குக் கொடுத்த ஒருவர் நீட்டிய தாளில் அவள் கைநாட்டு வைத்தாள். வாங்கியதைவிடக் கூடுதல் தொகை அதில் இருந்தது. அது தெரியவந்தபோது அரைக்காணி நிலம் கைவிட்டுப் போயிருந்தது. "என்ன எழுதியிருக்குன்னு பார்க்கத் தெரிஞ்சா போதும்" என்றுதான் அரிக்கேன் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தெருவில் பத்தாவது தவறிய பெண். அம்மாயி எழுத்துகளை நடவு மெட்டில் போட்டுவிட்டாள். மறுநாள் களையெடுப்பில் வகுப்புக்கு வராதவர்களும் அதைப் பாடினார்களாம்.

சைக்கிள் கதை ஊருக்கே தெரியும். கண்மாய்க் கரையில் வாடகைச் சைக்கிளில் பழகி, முழங்கால் சிராய்த்து, பிறகு பழைய ஆம்பளைச் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் இரண்டு பக்கமும் குடம் கட்டலாம். பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்ட சித்தப்பாவின் மருமகளையே வலி எடுத்தபோது அதில் உட்கார வைத்து பஸ் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனாள்.

நோட்டுக்கு வருகிறேன். முதல் பக்கங்களில் அ, ஆ. அப்புறம் சிறுசேமிப்புக் கணக்கு. இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் பத்து ரூபாய், பெயர்கள் எழுத்துக்கூட்டி எழுதியிருந்தன. போகப்போகப் பெயர்கள் உடைகின்றன, எழுத்து எழுத்தாக உதிர்கின்றன. வகுப்பு நின்றுபோன பிறகு அவள் படிக்க ஊரில் எந்தப் புத்தகமும் இல்லை. எழுதப்படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையில் அவளை ஒரு தடவை சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் கணக்கு நிற்கவில்லை. பின்பக்கங்களில் பெயர்களுக்குப் பதில் படங்கள். ஆடு வளர்ப்பவளுக்கு ஆடு, இட்லிக் கடைக்காரிக்கு இட்லிக் கொப்பரை, நெசவுக்காரிக்குத் தறி. எதிரே கட்டங்கள், கட்டத்துக்குள் புள்ளி. ஓலைப்பின்னலின் கட்டங்கள்தான் அவை. ஒரு வரிசையில் இரண்டு வட்டமும் நடுவில் கோடும் இருந்தன. சைக்கிள், அதாவது அவளே. அந்த வரிசையில் ஐந்து கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

அவளோடு சீட்டுப் போட்ட பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் காட்டினேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்கம்மா ஒன்னைப் பெத்துட்டு ஆஸ்பத்திரியில கெடந்தால்ல, அந்த வருசம்."