முன்பின் தெரியாத வீட்டில் ஓர் ஆண்டு: மாணவர் பரிமாற்றம் பிறந்த கதை



பள்ளிகளிலிருந்து வரும் சுற்றறிக்கைகளில் ‘மாணவர் பரிமாற்றப் பயணம்’ என்ற சொல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு வாரம் பிரான்ஸ், ஒரு மாதம் ஜெர்மனி, சில திட்டங்களில் ஒரு கல்வியாண்டு முழுவதும் அமெரிக்கா. தங்குவது ஹோட்டலில் இல்லை. அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். இதைப் படித்ததும் பெற்றோர் மனத்தில் மூன்று கேள்விகள் எழும். யாரென்றே தெரியாதவர் வீட்டில் பிள்ளையை எப்படி விடுவது? அவர்கள் ஏன் நம் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்? இதில் அவர்களுக்கு என்ன லாபம்? இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மூன்றுக்கும் விடை கிடைக்கும்.

ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள்

இன்று உலகின் பெரிய மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் ஒன்று ஏ.எஃப்.எஸ். ‘அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்’ என்பதன் சுருக்கம் அது. பெயரைப் பாருங்கள், பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காரணம், அது தொடங்கியது போர்க்களத்தில்.

நிறுவியவர் ஏ. பியாட் ஆண்ட்ரூ. வங்கித் துறையில் இருந்தவர்களுக்கு இவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி. ஹார்வர்டில் பொருளாதாரம் கற்பித்தவர், அமெரிக்க நாணயச் சாலையின் இயக்குநர், பிறகு நிதித் துறையில் துணைச் செயலர். 1910 நவம்பரில் ஜெக்கில் தீவில் சில வங்கியாளர்கள் ரகசியமாகக் கூடி ஒரு மத்திய வங்கிக்கு வரைவுத் திட்டம் எழுதினார்கள். 1913-இல் வந்த ஃபெடரல் ரிசர்வ் அமைப்புக்கு அது முன்னோடி. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஆண்ட்ரூவும் ஒருவர்.

அப்படிப்பட்டவர், முதல் உலகப் போர் மூண்டதும் பிரான்சுக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பாரிசை ஒட்டிய நெய்யி என்ற ஊரில், கட்டி முடியாத ஒரு பள்ளிக் கட்டடத்தில் அமெரிக்கர்கள் ராணுவ மருத்துவமனை நடத்தி வந்தார்கள். அங்கிருந்து 1915-இல் அவர் தொண்டர் படை ஒன்றைத் திரட்டினார். சேர்ந்தவர்களில் கல்லூரி மாணவர்கள் ஏராளம். ஃபோர்டு மாடல் டி வண்டிகளில் போர்முனை வரை போய், காயம்பட்ட பிரெஞ்சு வீரர்களை ஏற்றி வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அதே அமைப்பு மீண்டும் கிளம்பியது. வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று பல முனைகளில் வண்டி ஓட்டினார்கள். இந்திய-பர்மா போர்முனையிலும் இவர்களுடைய ஆம்புலன்ஸ்கள் ஓடின. 1945-இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் மீட்கப்பட்டபோது, உயிரோடு எஞ்சியவர்களை ஏற்றிச் சென்றவர்களில் இவர்களும் உண்டு.

52 மாணவர்கள்

ஆண்ட்ரூ 1936-இல் காலமான பிறகு பொறுப்பேற்றவர் ஸ்டீபன் கலாட்டி. இவரும் முதல் போரில் ஆம்புலன்ஸ் தொண்டர்தான். போர் முடிந்ததும் வண்டிகளை விற்றுக் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இவரும் பழைய தொண்டர்களும் வேறு முடிவெடுத்தார்கள். 1947-இல் 10 நாடுகளிலிருந்து 52 பள்ளி மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்து, ஒரு கல்வியாண்டு படிக்க ஏற்பாடு செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஜெர்மனியிலிருந்தும், 1950-களில் ஜப்பானிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஜெர்மனியோடும் ஜப்பானோடும் நடந்த போரில் மகனைப் பறிகொடுத்த வீடுகள் அமெரிக்காவின் ஊர்தோறும் இருந்த காலம் அது. அந்த ஊர்களில்தான் ‘எதிரி நாட்டு’ப் பிள்ளைக்குக் காலைச் சிற்றுண்டி வைத்துப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். 1950-களிலேயே அமெரிக்கப் பிள்ளைகளும் வெளிநாட்டு வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள்.

விடுதியில் தங்க வைக்காமல் வீட்டில் ஏன் தங்க வைத்தார்கள்? இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் 1932-இல் இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். பல நாட்டு இளைஞர்களை முகாமில் ஒன்றாக இருக்க வைப்பதைவிட, ஒரு குடும்பத்தோடு தங்க வைப்பதுதான் பலன் தருகிறது என்பது அந்த அனுபவத்தில் தெரிந்தது. யோசித்தால் நமக்கே புரியும். விடுதியில் பிள்ளை விருந்தாளி. மணி அடித்தால் சாப்பாடு வரும். வீட்டில் அப்படி இல்லை. பாத்திரம் கழுவ வேண்டும், குப்பையை வெளியே வைக்க வேண்டும், தம்பி தங்கையோடு குளியலறைக்குச் சண்டை போட வேண்டும். அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலவே மாதக் கடைசியில் பணத்துக்குத் திண்டாடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பகை நாடுகள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டது

இதே வேலையை இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து செய்த உதாரணம் பிரான்சும் ஜெர்மனியும். 1870, 1914, 1940 என எழுபது ஆண்டுகளில் மூன்று முறை போரில் மோதிய நாடுகள். 1950-இல் பிரான்சின் மோன்பெலியார் நகரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரும் நட்பு நகரங்களாக இணைந்தன. அதே லுட்விக்ஸ்பர்க்கில் 1962 செப்டம்பர் 9 அன்று பிரெஞ்சு அதிபர் டி கால், ஜெர்மானிய இளைஞர்களிடம் ஜெர்மன் மொழியிலேயே உரையாற்றினார். ஜெர்மானியரை எதிர்த்துப் போராடியவர் அவர், அவர்களிடம் போர்க் கைதியாகவும் இருந்தவர்!

1963 ஜனவரி 22 அன்று அவரும் ஜெர்மானியப் பிரதமர் அடெனாவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 5 அன்று பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் திட்டங்களில் பங்கேற்றிருக்கிறார்கள். பள்ளிப் பரிமாற்றத்தில் வழக்கமான முறை எளிது: உங்கள் பிள்ளை அவர்கள் வீட்டில் தங்கினால், பிறகு அவர்கள் பிள்ளை உங்கள் வீட்டில் தங்கும். வணிகவியல் படித்தவர்களுக்கு இது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் எழுதிவிட்டு மறுபக்கத்தைக் காலியாக விட முடியாது.

லாபம் என்ன?

இப்போது பணக் கேள்விக்கு வருவோம். கல்வியாண்டு முழுவதும் தங்கும் அமெரிக்கப் பரிமாற்றத் திட்டங்களில், ஜே-1 விசாவில் வரும் மாணவரை ஏற்கும் குடும்பத்துக்குச் சம்பளமும் இல்லை, வாடகையும் இல்லை. வருமான வரியில் மட்டும், உரிய அமைப்புடன் எழுத்து ஒப்பந்தம் இருந்தால், மாதம் 50 டாலர் வரை நன்கொடைச் செலவாகக் காட்டலாம். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்பது உங்களுக்கே தெரியும். 50 டாலர் எந்த மூலைக்கு?

நம்பிக்கை மட்டும் போதும் என்றும் அவர்கள் விட்டுவிடவில்லை. சில இடங்களில் பிள்ளைகள் கொடுமைக்கு ஆளானதால் விதிகள் கடுமையாயின. வீட்டில் உள்ள 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மீதும் குற்றப் பின்னணி விசாரணை உண்டு. அமைப்பின் பிரதிநிதி வீட்டுக்கே நேரில் வந்து பேச வேண்டும். பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்க வேண்டும். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதந்தோறும் பிள்ளையோடு தொடர்பில் இருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் இந்த ஐந்தையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளியின் பெயரைப் பார்த்து மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலன் வர ஆண்டுகள் ஆகும். 1973-இல் பிரான்சிலிருந்து ஏ.எஃப்.எஸ். மாணவியாக ஒரு பெண் அமெரிக்கா போனார். வாஷிங்டனுக்கு அருகில் ஒரு பள்ளியில் ஓர் ஆண்டு படித்தார். அவர் கிறிஸ்டின் லகார்ட். பின்னாளில் சர்வதேச நிதியத்தின் தலைவரானார். 2019 நவம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மத்திய வங்கிக்கு வரைவு எழுதியவர் தொடங்கிய அமைப்பில் போன பிள்ளை, இன்னொரு மத்திய வங்கிக்குத் தலைவரானது வேடிக்கையான தற்செயல். பேர் வெளியே வராத லட்சக்கணக்கானவர்கள் பெற்ற பலன் இதைவிடப் பெரிது: வேற்று நாட்டில் ‘அம்மா’ என்று கூப்பிட ஒருவர்.

நம் பக்கம்

பரிமாற்றம் என்றாலே அனுப்புவதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். விசா, குளிருடை, ஊறுகாய் பாட்டில் எல்லாம் பேசியாகிறது. வாங்கிக்கொள்வதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அரசு தொடங்கிய ‘யெஸ்’ என்ற உதவித்தொகைத் திட்டத்தில் இந்திய மாணவர்களும் போயிருக்கிறார்கள். அவர்களை அங்கே ஏதோ ஒரு வீடு ஏற்றது. நம் ஊருக்கு வரும் பிள்ளைக்கும் அப்படி ஒரு வீடு வேண்டாமா?

நம் வளாகத்தில் ஒரு குடும்பம் வெளிநாட்டு மாணவரை ஏற்க முன்வந்தால், சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையவழியில் தகவல் தர வேண்டும். அதை அந்தக் குடும்பம் செய்துவிடும். மீதி நம் கையில். ‘வெளியாள்’ என்று பதிவேட்டில் தினமும் கையெழுத்து வாங்காமல், குடியிருப்பவர் பிள்ளைகளுக்குத் தரும் அடையாள அட்டையை அந்தப் பிள்ளைக்கும் தரலாம். மாலையில் விளையாட்டுக்கு நம் பிள்ளைகள் கூப்பிடலாம். பொங்கலன்று அண்டை வீட்டார் ஒரு வேளை சாப்பிட அழைக்கலாம்.

இதற்கு ஒரு விதி தேவை என்று நினைப்பவர்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள். பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தபின் பேசுவதைவிட முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. வருகிற பிள்ளை பதினாறு வயதில் தனியாக விமானம் ஏறி வருகிறது. நாம் கதவு திறக்கத் தயாராக இருக்க வேண்டும்.