வன்தட்டு இல்லாத கணினிக்கு முதல் கட்டளை எங்கிருந்து வருகிறது?

கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மெசொன்னெவ் கல்லூரியில் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், டெபியன் இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்களின் ஆண்டு மாநாடு நடைபெற்றது. அவர்கள் பராமரிக்கும் பல்லாயிரம் மென்பொருட்களில், பொதுப் பயனர்கள் பெரும்பாலும் பெயரறியாத ஐபிஎக்ஸ்ஈ என்ற சிறு நிரலும் ஒன்று.

வன்தட்டிலிருந்து அல்லாமல், வலையமைப்பின் ஊடாக வேறொரு கணினியிலிருந்து இயங்குதளத்தைப் பெற்றுக் கணினியைத் தொடங்க வைப்பதே இந்நிரலின் பணி. நூற்றுக்கணக்கான கணினிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரவு மையங்களுக்கும் இம்முறை பெரிதும் உதவுகிறது.

1980களில் பிறந்த வழிமுறை

வன்தட்டுகள் விலை உயர்ந்திருந்த 1980களில், வன்தட்டு இல்லாத பணிநிலையக் கணினிகள் புழக்கத்திற்கு வந்தன. இத்தகைய கணினிக்குத் தொடக்கத்தில் தனது வலையமைப்பு முகவரிகூடத் தெரியாது.

இதற்குத் தீர்வாக 1985இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகிய இருவரும் பூட்பி என்ற நெறிமுறையை வெளியிட்டனர். கணினி வலையமைப்பு முழுவதற்கும் ஒரு வேண்டுகோளை அனுப்பும். வழங்கிக் கணினி அதற்குரிய முகவரியையும், பெறவேண்டிய கோப்பின் பெயரையும் பதிலாகத் தரும். பின்னர் அக்கோப்பு டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் தரவிறக்கப்படும்.

ஈதர்பூட்டின் வருகை

1990களின் நடுப்பகுதியில் மார்கஸ் குட்ஷ்கே, கென் யாப் உள்ளிட்டோரின் முயற்சியால் ஈதர்பூட் என்ற திறந்த மூல மென்பொருள் உருவானது. அதனை வலையமைப்பு அட்டையில் பொருத்தும் சில்லில் பதிக்கலாம். அல்லது ஃபிளாப்பி தட்டிலிருந்து இயக்கலாம்.

பழைய கணினிகளை முனையங்களாக்கி, ஒரே வழங்கியைக் கொண்டு வகுப்பறை முழுவதையும் இயக்கும் லினக்ஸ் முனைய வழங்கித் திட்டம் 1999இல் தொடங்கியபோது, ஈதர்பூட் அதற்குக் கைகொடுத்தது. நிதிவசதி குறைந்த பள்ளிகளுக்கு இது பயனுள்ளதாக அமைந்தது.

அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் பிஎக்ஸ்ஈ தரநிர்ணயத்தின் 2.1 பதிப்பை வெளியிட்டது. அதன்பின் வலையமைப்பு வழித் தொடக்க வசதி கணினிகளுடனேயே வரத் தொடங்கியது. ஆனால் உற்பத்தியாளர்கள் பதித்த அந்நிரல்களின் மூலம் பொதுவாக மூடியே இருந்தது. பிழை இருப்பின் பயனரால் திருத்த இயலாது.

பெயர் மாறியும் தொடர்ந்த பணி

ஈதர்பூட் பின்னர் ஜிபிஎக்ஸ்ஈ எனப் புதிய வடிவம் பெற்றது. 2010இல் மைக்கேல் பிரவுன் உள்ளிட்ட உருவாக்குநர்கள் அதிலிருந்து பிரிந்து ஐபிஎக்ஸ்ஈ திட்டத்தைத் தொடங்கினர். பழைய பெயரை அவர்கள் கைவிட நேர்ந்தது. நிரலைக் கைவிட நேரவில்லை. அதன் ஜிபிஎல் உரிமம், எவரும் நிரலை எடுத்து மேம்படுத்த அனுமதிப்பதே காரணம்.

டிஎஃப்டிபி முறை வழக்கமாக 512 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகவே கோப்பை அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை பெறும். ஐபிஎக்ஸ்ஈயோ இணையதளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி முறையிலேயே கோப்புகளைப் பெற வல்லது. சில்லை மாற்றவும் தேவையில்லை; கணினியிலுள்ள பிஎக்ஸ்ஈ நிரலைக் கொண்டே ஐபிஎக்ஸ்ஈயை வரவழைத்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கலாம்.

கையொப்பம் எழுப்பும் கேள்வி

2012இல் விண்டோஸ் 8 வெளியானதைத் தொடர்ந்து, கையொப்பமிடப்பட்ட நிரலை மட்டுமே தொடங்க அனுமதிக்கும் பாதுகாப்பு முறை பரவலானது. தீங்கு நிரல்களைத் தடுக்க இது உதவுகிறது. எனினும் பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சாவிகளே முன்கூட்டிப் பதிக்கப்படுவதால், திறந்த மூலத் திட்டங்களும் அந்நிறுவனத்தின் கையொப்பத்தை நாட வேண்டியுள்ளது. டெபியன் 2019இல் வெளியிட்ட 10ஆம் பதிப்பு முதல் இம்முறைக்கு ஆதரவளிக்கிறது.

டெபியனின் வரைகலை நிறுவியை வலையமைப்பு வழியாகத் தொடங்கி, தமிழிலேயே நிறுவவும் முடியும். ஆனால் திரையில் எந்த மொழி தோன்றுவதற்கும் முன்பாக ஓடும் நிரல் எது என்பதை முடிவு செய்பவர் கணினியின் உரிமையாளரா, உற்பத்தியாளரா என்பது, மூலநிரல் திறந்திருந்தாலும் தீராத கேள்வியாகவே நீடிக்கிறது.